கையெழுத்து தேவைப்படாத பக்கங்கள்

அமெரிக்கச் சாரணர்களின் உச்சப் பட்டமான ‘ஈகிள் ஸ்கவுட்’டுக்கு ஒரு சேவைத் திட்டம் எப்படி உருவாகிறது?

நிலவில் முதலில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் ஓர் ஈகிள் ஸ்கவுட். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, ஐடஹோ மாநிலத்தில் ஜம்போரி என்ற பெருமுகாமுக்குக் கூடியிருந்த சாரணர்களுக்கு விண்கலத்திலிருந்தே வாழ்த்துச் சொன்னார். 1927-ல் ஈகிள் ஸ்கவுட் ஆன ஜெரால்டு ஃபோர்டு, அந்தப் பட்டத்தோடு அமெரிக்க அதிபர் நாற்காலியில் அமர்ந்த ஒரே மனிதர். அவருடைய இறுதி ஊர்வலம் சொந்த ஊரான கிராண்ட் ராபிட்ஸுக்குள் வந்தபோது, சுமார் 400 ஈகிள் ஸ்கவுட்கள் சாலையோரம் அணிவகுத்து நின்றார்கள்.

இவர்கள் இருவரும் ஏறாத ஒரு படியை இன்று பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஏற வேண்டியிருக்கிறது. ஒரு பள்ளிக்கோ, வழிபாட்டுத் தலத்துக்கோ, ஊருக்கோ பயன்படும் ஒரு வேலையைத் தானே திட்டமிட்டு, தானே வளர்த்தெடுத்து, மற்றவர்களை வழிநடத்தி முடித்துக் காட்ட வேண்டும். இந்தச் சேவைத் திட்டம் 1965-ல்தான் கட்டாயமானது. அதற்குள் ஆம்ஸ்ட்ராங் விண்வெளி வீரராகிவிட்டார், ஃபோர்டு நாடாளுமன்றத்தில் இருந்தார்.

பின்னால் வந்து சேர்ந்த இந்த விதிதான் பட்டத்தின் முதுகெலும்பு என்பது என் எண்ணம். முகாம், முடிச்சு, நீச்சல், முதலுதவி எல்லாவற்றையும் ஒரு நல்ல ஆசிரியர் கற்றுக்கொடுத்துவிடலாம். பத்துப் பேரை ஒரு சனிக்கிழமை காலையில் வரவழைத்து, வந்தவர்கள் கைக்கு வேலை கொடுத்து, மதியத்துக்குள் ஒரு காரியத்தை முடிக்க வைப்பதை ஒரு தடவையாவது செய்துதான் பழக வேண்டும்.

அமெரிக்கச் சாரணர் அமைப்பு தொடங்கியது 1910 பிப்ரவரி 8. சரியாக 115 ஆண்டுகள் கழித்து, 2025-ல் அதே தேதியில், ‘பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற பெயரை ‘ஸ்கவுட்டிங் அமெரிக்கா’ என்று மாற்றிக்கொண்டது. முதல் ஈகிள் ஸ்கவுட், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் எல்ட்ரெட், ஆண்டு 1912. பத்து லட்சமாவது ஈகிள் ஸ்கவுட் 1982-லும், இருபது லட்சமாவது 2009-லும் வந்தார்கள். 2019 பிப்ரவரியில் பெண் பிள்ளைகளுக்கும் வாசல் திறந்தது. இரண்டே ஆண்டில், 2021 தொடக்கத்துக்குள், ஏறக்குறைய ஆயிரம் பெண்கள் ஈகிள் ஸ்கவுட் ஆனார்கள்.

ஸ்கவுட், டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப், ஈகிள் என்று ஏழு நிலைகள். லைஃப் நிலையில் குறைந்தது ஆறு மாதம் துடிப்பாகச் செயல்பட்டிருக்க வேண்டும். தனித்தனித் துறைகளில் திறமை காட்டிப் பெறும் மெரிட் பேட்ஜ்கள் 21 வேண்டும். சேவைத் திட்டத்தையும் முடித்திருக்க வேண்டும். இவ்வளவும் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முன்னால். நம் ஊர்ப் பள்ளிகளில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஏணி புதிதல்ல. ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் ராஷ்ட்ரபதி விருது என்று ஏறியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். உச்சப் படியில் இப்படி ஒரு தனித் திட்டத்தை, நான்கு தரப்பின் ஒப்புதலோடு, ஒரே பிள்ளையின் தலையில் வைப்பது அமெரிக்க முறையின் தனி முத்திரை.

விதி எதையெல்லாம் கேட்கவில்லை

இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று விதியில் இல்லை. இத்தனை டாலர் செலவாக வேண்டும் என்றோ, ஏதாவது ஒன்றைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றோ இல்லை. குறைந்த மணி நேரம்தான் ஆனது என்பதற்காகவே ஒரு திட்டத்தைத் தள்ள முடியாது. எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று கடைசியில் எழுதித்தான் கொடுக்கிறார்கள். அது கணக்குக்காக மட்டும். கேட்கப்படுவது தலைமை. தன்னைத் தவிர இரண்டு பேரையாவது வழிநடத்தியிருக்க வேண்டும்.

விலக்கப்பட்டவையும் சில உண்டு. பயன் சாரணர் அமைப்புக்கே போய்ச் சேரக் கூடாது. கடைக்கோ கம்பெனிக்கோ லாபம் தரும் வேலை ஆகாது. பணம் திரட்டிக் கொடுப்பது மட்டுமே திட்டமாக முடியாது. வழக்கமாக நடக்கும் பராமரிப்பை, அதாவது வாராவாரம் புல் வெட்டுவது மாதிரியான வேலையை, பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஒரே திட்டத்தை இரண்டு பேர் பங்கு போட்டு இரண்டு பட்டம் வாங்கவும் வழியில்லை. தலைவர் ஒருவர்தான்.

முதலில் காது

திட்டம் தேடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு பொருளோடு ஆரம்பிக்கிறார்கள். ‘பூங்காவுக்கு பெஞ்சு போட்டுத் தருகிறேன்’ என்று போய் நிற்கிறார்கள். பூங்காக்காரர்களுக்கு வேண்டியது பெஞ்சாக இல்லாமல் இருக்கலாம். மழையில் அரித்துப்போன நடைபாதையைச் சரிசெய்ய ஆள் கிடைக்காமல் அவர்கள் தவித்துக்கொண்டிருக்கலாம். நிறுவனத்தின் வாசலுக்குப் போய், ‘நீங்கள் ரொம்ப நாளாகச் செய்ய நினைத்தும் செய்ய முடியாமல் கிடக்கும் வேலை எது?’ என்று கேட்பதுதான் நல்ல தொடக்கம். பதினாறு வயதில், முன்பின் தெரியாத பெரியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு இப்படிக் கேட்பது சின்ன விஷயமல்ல. கேட்டுவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

அப்படிக் கேட்டுச் செய்தவற்றின் பட்டியல் நீளமானது. ஏரிக்கரைகளில் தூண்டில்காரர்கள் வீசிவிட்டுப் போகும் நைலான் இழை பறவைகளின் காலிலும் அலகிலும் சுற்றிக்கொள்ளும். அதைச் சேகரிக்க வளைந்த பிவிசி குழாய்களைக் கரையோரம் நட்டு வைப்பது பல மாநிலங்களில் நடந்த திட்டம். குழாய், ஒரு கம்பம், ஓர் ஒட்டுப் பலகை, அவ்வளவுதான் செலவு. பழைய கல்லறைத் தோட்டங்களில் ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, இருப்பிடக் குறிப்போடு இணையத்தில் ஏற்றி, கொள்ளுத்தாத்தாவைத் தேடும் குடும்பங்களுக்கு உதவியவர்கள் உண்டு. டெக்ஸாஸ் பக்கம், புகைபோக்கிகளில் கூடு கட்டி வாழும் உழவாரன் இனப் பறவைகளுக்காக மரக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். வௌவால் பெட்டி, பள்ளி மைதானத்தில் விளையாட்டுக் களம், காட்டு ஓடைக்கு நடைபாலம் என்று இன்னும் எத்தனையோ.

எனக்குப் பிடித்தவை அந்தத் தூண்டில் குழாய் போன்றவை. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்கே நட வேண்டும், யார் காலி செய்வார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று மூன்று அலுவலகங்களோடு பேசாமல் ஒரு குழாயைக்கூட நட முடியாது. வண்ணம் அடித்த பெஞ்சைவிட அதில் தலைமைக்கு அதிக இடம் இருக்கிறது.

நான்கு ஒப்புதல், ஐந்து கேள்வி

திட்டத்துக்கென்றே அமைப்பு ஓர் ஒர்க்புக் வைத்திருக்கிறது. அதன் எண் 512-927. முதல் பகுதி முன்மொழிவு. பயனடையப் போகும் நிறுவனம், ட்ரூப் எனப்படும் உள்ளூர்ச் சாரணர் படையை நடத்தும் ஸ்கவுட்மாஸ்டர், அந்த ட்ரூப்பின் குழு, அதற்கு மேலே மாவட்ட அல்லது கவுன்சில் பிரதிநிதி என்று நான்கு தரப்பும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் ஆணி அடிக்கக் கூடாது, ஒரு டாலர்கூடத் திரட்டக் கூடாது.

முன்மொழிவில் அவர்கள் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். திட்டமிடவும் தலைமை தாங்கவும் இதில் இடமிருக்கிறதா? நடக்கக்கூடிய காரியமா? ஆபத்துகளை யோசித்திருக்கிறாரா? அடுத்து செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறாரா? பிள்ளை சரியான பாதையில் இருக்கிறாரா? முழு வரைபடமும் பைசா சுத்தமான கணக்கும் இந்தக் கட்டத்தில் வேண்டியதில்லை. சில பெரியவர்கள் ஆர்வக் கோளாறில் அம்பது பக்கம் கேட்கிறார்கள். அது விதியில் இல்லாத பாரம், பிள்ளையைத் தொடக்கத்திலேயே சோர்ந்துபோக வைக்கும்.

இங்கே நாள்காட்டியைக் கவனிக்க வேண்டும். மாவட்டக் குழு பல இடங்களில் மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறது. பூங்கா, நகராட்சி என்றால் அனுமதி வரவே மாதங்கள் ஓடிவிடும். பதினேழரை வயதில் திட்டம் தேடத் தொடங்குகிறவர் திட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. பிறந்தநாள்தான் அவரைத் துரத்துகிறது. பதினாறில் தொடங்கியவருக்கு ஒரு மழை, ஒரு தேர்வு, கைவிட்டுப்போன ஒரு நன்கொடை எல்லாவற்றையும் தாங்க நேரம் இருக்கும்.

முன்மொழிவுக்குப் பின் வருவது திட்ட விவரம். வியப்பு என்னவென்றால், இந்தப் பகுதிக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. நிறுவனம் பார்க்க விரும்பலாம், வழிகாட்டியாக வரும் ‘ப்ராஜெக்ட் கோச்’ படித்துத் திருத்தலாம். ஆனால் சரி என்று முத்திரை குத்துகிறவர் எவரும் இல்லை. அதனாலேயே பல பிள்ளைகள் அதை அரைகுறையாக நிரப்பிவிட்டு நேரே ரம்பத்தைத் தேடிப் போகிறார்கள். யாரும் கேட்காத அந்தப் பக்கங்களை எப்படி எழுதுகிறார் என்பதில்தான் ஒரு பிள்ளை தலைவராவதும் ஆகாமல் போவதும் இருக்கிறது.

எட்டு டன் மண்

ஒரு திட்டத்தை எடுத்து, அந்தப் பக்கங்களை நாமே நிரப்பிப் பார்ப்போம். பதினாறு வயதுச் சாரணியர் ஒருவர். பக்கத்து தேவாலயம் ஏழைக் குடும்பங்களுக்கு வாரந்தோறும் உணவுப் பொருள் கொடுக்கிறது. டப்பா உணவோடு பச்சைக் காய்கறியும் கொடுக்க அவர்களுக்கு ஆசை. பின்பக்கம் வெயில் படும் புல்தரை சும்மா கிடக்கிறது. அங்கே மரச்சட்டம் வைத்த ஆறு உயரப் பாத்திகள் அமைத்துத் தருவது என்று முடிவாகிறது. ஒவ்வொன்றும் எட்டடி நீளம், நான்கடி அகலம்.

பலகைக் கணக்கு எளிது. கடையில் ‘இரண்டுக்குப் பத்து’ என்று விற்கும் பலகை, இழைத்த பின் உண்மையில் ஒன்றரை அங்குல கனமும் ஒன்பதேகால் அங்குல அகலமும்தான் இருக்கும். எட்டடிப் பலகை மூன்று இருந்தால் ஒரு பாத்தி. இரண்டு நீளவாட்டில், மூன்றாவதை இரண்டாக அறுத்து அகலவாட்டில். ஆறு பாத்திக்குப் பதினெட்டுப் பலகை.

இந்த நேரத்தில் அவர் தேவாலயத்துக்குப் போய், ‘இந்தத் தோட்டத்தை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?’ என்று கேட்கிறார். ஓய்வுபெற்ற முதியவர்கள். அவர்களில் சிலருக்குக் குனிய முடியாது. ஒரு கேள்வியில் வரைபடம் மாறுகிறது. ஆறில் இரண்டு பாத்திகளை இரண்டு பலகை உயரத்துக்குக் கட்ட வேண்டும். பலகை இருபத்துநான்காகிறது. உயரமான சட்டத்தை மண் வெளியே தள்ளும் என்பதால் மூலைகளில் கட்டைகளைத் தரைக்குள் இறக்க வேண்டும்.

தரையைத் தோண்டுகிறோம் என்றதும் இன்னொரு வேலை சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் தோண்டுவதற்குச் சில நாள் முன்னதாக 811 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். ஆள் வந்து, நிலத்தடியில் போகும் தடங்களின் மேல் வண்ணம் அடித்துவிட்டுப் போவார். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், ஆரஞ்சு தொலைத்தொடர்பு, பச்சை சாக்கடை. இதைத் திட்டத்தில் எழுதாமல் விட்டவர் சனிக்கிழமை காலை கடப்பாரையோடு நிற்கும்போது யோசித்துப் பயனில்லை.

‘எங்கள் கொட்டகையில் பழைய பலகை நிறைய கிடக்கிறது, எடுத்துக்கொள்’ என்று யாராவது அன்போடு சொல்வார்கள். அதையும் விசாரிக்க வேண்டும். 2003 இறுதி வரை அமெரிக்க வீடுகளில் வெளிப்புறத்துக்குப் பயன்பட்ட, மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் கலந்திருந்தது. தின்னும் கீரை வளரும் மண்ணைச் சுற்றி அந்தப் பலகையை வைக்க மனம் வருமா? நன்கொடையை மனம் நோகாமல் மறுப்பதும் ஒரு திட்டமிடல்தான்.

இனி மண். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான், ஏனென்றால் வரைபடத்தில் மண் தெரிவதில்லை. ஒரு பலகை உயரமுள்ள பாத்திக்குச் சுமார் இருபத்தைந்து கன அடி மண் பிடிக்கும், கிட்டத்தட்ட ஒரு கன கஜம். நான்கு சாதாரணப் பாத்தி, இரட்டை உயரத்தில் இரண்டு, ஆகமொத்தம் எட்டுப் பங்கு. மண் அமுங்கும் என்பதால் எட்டு கன கஜம் முழுசாக வாங்க வேண்டும். ஒரு கன கஜ மண் ஏறக்குறைய ஒரு டன். ஈரம் ஏறினால் அதற்கும் மேல். எட்டு டன் மண்ணை லாரி வந்து வண்டி நிறுத்துமிடத்தில் கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் ஞாயிறு, வழிபாட்டுக்கு வருகிறவர்கள் அங்கேதான் காரை நிறுத்துவார்கள். ஆகவே சனிக்கிழமை மாலைக்குள் அந்தக் குவியல் கரைந்தாக வேண்டும்.

கல்யாணப் பந்திக்கு எத்தனை படி அரிசி என்று தலைமைச் சமையற்காரர் மனக்கணக்குப் போடுவது மாதிரி அவர் இப்போது கணக்குப் போட வேண்டும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஒரு பிள்ளை சிந்தாமல் தள்ளக்கூடியது நான்கு கன அடி. எட்டு கன கஜம் என்றால் இருநூற்றுப் பதினாறு கன அடி. ஐம்பத்துநான்கு நடை. ஒரே வண்டி என்றால் பொழுது சாய்ந்துவிடும். மூன்று வண்டி இருந்தால் வண்டிக்குப் பதினெட்டு நடை, போய்வர ஐந்து நிமிடம், ஒன்றரை மணி நேரம். இடையே ஆள் மாற்ற வேண்டும். குவியலில் மண் அள்ளிப்போட இருவர், பாத்தியில் பரப்ப இருவர். அதற்கு முன் சட்டங்கள் தயாராக இருக்க வேண்டும், அடியில் புல் முளைக்காமலிருக்க அட்டை விரித்திருக்க வேண்டும். அப்படியானால் பலகை அறுக்கும் வேலையை முந்தைய வாரமே ஒருவர் வீட்டு முற்றத்தில் முடித்துவிட வேண்டும்.

பாருங்கள், ஒரு மண் கணக்கிலிருந்து முழு நாளின் ஒழுங்கும் பிறந்துவிட்டது. இதைத்தான் அந்தப் பக்கங்கள் கேட்கின்றன. பொருள் பட்டியல், கருவிப் பட்டியல், செலவு, போக்குவரத்து, பாதுகாப்பு, மழை வந்தால் மாற்று நாள்.

பணத்துக்கும் ஒழுங்கு உண்டு. தன் பணம், பெற்றோர், உறவினர், தன் ட்ரூப், பயனடையும் நிறுவனம் இவற்றிலிருந்து வருவதற்குத் தனி விண்ணப்பம் வேண்டாம். வெளியே போய்த் திரட்டுவதானால் ஒர்க்புக்கிலுள்ள நிதி விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். கொடுப்பவர்களிடம், இது சாரணர் அமைப்புக்கு அல்ல, இன்ன நிறுவனத்துக்கு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மிஞ்சிய பணமும் அந்த நிறுவனத்துக்கே.

சனிக்கிழமை

வேலை நாளன்று தலைவரின் கையில் மண்வெட்டி இருக்கக் கூடாது என்பேன். இது விதியல்ல, என் பிடிவாதம். மண் அள்ளத் தொடங்கியவர் அந்தக் குழியை மட்டும்தான் பார்ப்பார். மூன்றாவது பாத்தியின் மூலை கோணிப்போவதும், பதினொரு வயதுப் பொடியன் ஒருவன் யாரும் வேலை சொல்லாமல் ஓரமாக நிற்பதும், தண்ணீர் தீர்ந்துபோனதும் அவர் கண்ணில் படாது.

பாதுகாப்பு விதிகள் கறாரானவை. 21 வயது கடந்த, பதிவு பெற்ற இரண்டு பெரியவர்கள் உடனிருக்க வேண்டும். வட்ட ரம்பம், சங்கிலி ரம்பம் போன்றவற்றைப் பெரியவர்கள் மட்டுமே தொடலாம். மற்றக் கருவிகளுக்கும் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் எந்த வேலைக்கு யார் என்பதை வயதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். சிறியவர்களுக்கு அட்டை விரிப்பு, அளவு பிடித்தல், தண்ணீர் ஊற்றுதல். திருகாணி முடுக்குவது பெரிய பிள்ளைகளுக்கு.

பெரியவர்களை வேலை வாங்குவதுதான் ஒரு பதினாறு வயதுக்காரருக்கு மிகக் கடினம். ரம்பம் பிடிக்க வந்த ஒருவர், தச்சு வேலையில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர், ‘இப்படி வேண்டாம், அப்படி மாற்றிக் கட்டுவோம்’ என்று தொடங்குவார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ‘நல்ல யோசனை, இந்த இரண்டு பாத்திக்கு மட்டும் அப்படிச் செய்வோம்’ என்றோ, ‘இல்லைங்க, குனிய முடியாதவங்களுக்காக இந்த உயரம் வச்சிருக்கோம்’ என்றோ முடிவு சொல்ல வேண்டியவர் அந்தப் பிள்ளை. யாரும் கையெழுத்திடாத பக்கங்களை ஒழுங்காக எழுதியவருக்கு அந்த நேரத்தில் பதில் வாயில் வரும். எழுதாதவர் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்.

அப்பா, அம்மாவுக்கு

நியூ ஜெர்சியிலும் டெக்ஸாஸிலும் கலிஃபோர்னியாவிலும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஈகிள் ஸ்கவுட் ஆகியிருக்கிறார்கள். இன்னும் பலர் அந்தப் பாதையில் இருக்கிறார்கள். வழிபாட்டுத் தலம் என்று விதி சொல்வதில் கோயிலும் அடங்கும். பள்ளி என்பதற்கும் தடையில்லை. கோயில் வாசலில் செருப்பு அடுக்கும் அலமாரியும், வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிக்கு நூலக அடுக்கும் முறையாகத் திட்டமிட்டால் தகுதியானவையே.

சமூகம் என்பதை உள்ளூரோடு நிறுத்தாமல் உலகம் வரை விரித்துக்கொள்ளவும் வழியிருக்கிறது. ஆகவே தாத்தா ஊர்ப் பள்ளிக்கு இங்கிருந்து புத்தகம் அனுப்பலாமே என்று சில வீடுகளில் ஆசை பிறக்கும். ஆசை நல்லது. அந்தப் பள்ளியின் பொறுப்பாளர் பயனடையும் நிறுவனமாக முன்மொழிவில் ஒப்புதல் தர வேண்டும், கடைசியில் வேலை முடிந்தது என்றும் ஒப்ப வேண்டும். முதலில் அவரைக் கூப்பிட்டு, என்ன புத்தகம், எந்த வகுப்புக்கு, தமிழா ஆங்கிலமா, வைக்க அலமாரி இருக்கிறதா என்று கேட்காமல் இங்கே வீடு வீடாகப் பெட்டி நிரப்பினால், அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் ஒரு தமிழ்நாட்டுப் பள்ளியின் மூலையில் கட்டுப் பிரியாமலே கிடக்கும்.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. பெற்றோர் திறமையானவர்கள். அப்பா அலுவலகத்தில் நூறு பேர் வேலையை நிர்வகிப்பவர். ஒரு ராத்திரியில் முழுத் திட்டத்தையும் எக்ஸெல்லில் போட்டுவிடுவார். அம்மா நாலு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் இருபது பேர் வந்து நிற்பார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் ஈகிள் ஸ்கவுட் என்ற சொல் ஏறினால் நல்லது என்ற எண்ணமும் பின்னால் இருக்கும். பிள்ளை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அன்பு விடுவதில்லை.

ஆனாலும் சும்மா இருக்கத்தான் வேண்டும். பிள்ளை மறந்துபோன தொலைபேசி அழைப்பை நீங்கள் செய்துவிட்டால், அந்தத் திட்டம் நன்றாக நடக்கும்; பிள்ளைக்கு ஒன்றும் நடந்திருக்காது. உதவக் கூடாது என்றில்லை. கடைக்குக் கார் ஓட்டுங்கள், சாப்பாடு கொண்டுவாருங்கள், ரம்பம் பிடியுங்கள். ‘நாளைக்கு நான் என்ன செய்யணும்?’ என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவர் சொல்கிற வேலையைச் செய்யுங்கள். வீட்டில் இதுவரை வேலை சொல்லிப் பழகியவர், ஒருநாள் வேலை கேட்டு நிற்பது உங்கள் பிள்ளைக்கு நீங்கள் தரும் பெரிய மரியாதை.

கடைசி மேசை

வேலை முடிந்ததும் அறிக்கை. எது நன்றாக நடந்தது, எது சிரமப்படுத்தியது, திட்டத்தில் எதை மாற்ற நேர்ந்தது, தலைமையில் எது கடினமாக இருந்தது என்று ஒர்க்புக் கேட்கிறது. மாற்றம் எதுவுமே இல்லை என்று எழுதியவரைவிட, லாரி பத்து மணிக்குப் பதில் பன்னிரண்டுக்கு வந்தது, அதனால் இளையவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுப் பெரியவர்களை நிறுத்திக்கொண்டேன் என்று எழுதியவரே அதிகம் கற்றவர். நிறுவனமும் ஸ்கவுட்மாஸ்டரும் இந்த அறிக்கையில் கையெழுத்திடுகிறார்கள்.

பின்னர் ‘போர்டு ஆஃப் ரிவ்யூ’. மூன்று முதல் ஆறு பெரியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளையோடு பேசுவார்கள். பெற்றோரோ ஸ்கவுட்மாஸ்டரோ அந்தக் குழுவின் உறுப்பினராக இருக்க முடியாது. முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு. பாத்தியின் நேர்த்தியை அவர்கள் அளந்து பார்ப்பதில்லை. வேலைக்கு வந்தவர்களை எப்படி நடத்தினாய், சொன்னபடி செய்யாதவரை என்ன செய்தாய், கோடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற என்ன ஏற்பாடு என்று கேட்பார்கள். பத்து மாதம் இதே நினைப்பாக இருந்த பிள்ளைக்கு இவற்றுக்கெல்லாம் மனப்பாடம் தேவைப்படாது.

தள்ளுவண்டி தள்ளிய இளையவர்களுக்கும் அன்றைய உழைப்பு வீணாகப் போவதில்லை. ஸ்டார் நிலைக்கு ஆறு மணி நேரச் சேவை வேண்டும், லைஃப் நிலைக்கு இன்னொரு ஆறு மணி நேரம். ஸ்கவுட்மாஸ்டர் ஒப்புக்கொண்டால், மூத்தவர் ஒருவரின் ஈகிள் திட்டத்தில் வேலை செய்த நேரம் அந்தக் கணக்கில் சேரும். அதனால் ட்ரூப்பில் பதினொன்று, பன்னிரண்டு வயதில் இருக்கும் பிள்ளைகள் இப்படிப்பட்ட சனிக்கிழமைகளைத் தவறவிடாமல் போய்வருவது நல்லது. லாரி தாமதமானபோது அக்கா என்ன செய்தாள் என்பதை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார்கள்; நான்கைந்து ஆண்டில் அதே ஒர்க்புக் அவர்கள் கைக்கு வரும்.